மார்சேய்ல இருந்து நீஸ் வரைக்கும், அம்மாவோட போன எட்டு நாள் டூர்

பிரான்ஸ் தெக்குக் கரைக்குப் போன டூர் இது, நேரா விஷயத்துக்கு வரேன். கூட வந்த கைடு தம்பிக்கு அஞ்சுக்கு அஞ்சு. வேனுக்கும் டிரைவருக்கும் நாலு. இங்க பாண்டியில டூர் ஆபீஸ்ல உக்காந்து போட்டுக் கொடுத்த பிளானுக்கு ரெண்டுக்கு மேல என்னால கொடுக்க முடியல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், ஆனா நீங்களும் பாண்டிக்காரங்களா இருந்து, வீட்டுல பெரியவங்களக் கூட்டிட்டுப் போற யோசனை இருந்தா பொறுமையாப் படிங்க.

போன செப்டம்பர் கடைசியில போனோம். நான், அக்கா, எங்க அம்மா. அம்மாவுக்கு 74, முட்டி வலி உண்டு. எட்டு நாள், ஏழு ராத்திரி, மொத்தம் 14 பேர், ரெண்டு வேன். தலைக்கு 2,40,000 ரூபா, அதுல பிளைட், ஹோட்டல், காலை டிபன், ராத்திரி சாப்பாடு எல்லாம் அடக்கம். விசா பீஸ் 90 யூரோ தனி, மத்தியானச் சாப்பாடு நம்ம கைக்காசு. விசா பேப்பர் வேலைய நல்லா செஞ்சு கொடுத்தாங்க, அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன், பேங்க் ஸ்டேட்மெண்ட்ல ஒரு பக்கம் விட்டுப்போனதக் கூட அவங்களே கண்டுபிடிச்சு போன் பண்ணாங்க.

பிரான்ஸ்னா எல்லாரும் பாரிஸ் கேக்குறாங்க, நாங்க கேட்டது தெக்குக் கரை, மத்திய தரைக்கடல் ஓரம். காரணம் அம்மாதான். அம்மாவோட பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். பாண்டியில பழைய குடும்பங்கள்ல சொல்தா பென்ஷன்னா என்னன்னு தெரியும், தனியா சொல்ல வேண்டியதில்ல. எங்க அரியாங்குப்பம் வீட்டு ஹால்ல அவரோட போட்டோ ஒண்ணு இருக்கு, யூனிபார்ம் போட்டுக்கிட்டு ஒரு பெரிய கல்லு படிக்கட்டு பக்கத்துல நிக்கிறாரு, பின்னாடி ஒரு கல்லு பொம்பள சாஞ்சு படுத்திருக்கிற மாதிரி சிலை. போட்டோ பின்னாடி இங்க்ல மார்சேய், 1951ன்னு எழுதியிருக்கும். சின்ன வயசுல இருந்து அம்மா அந்த எடம் எதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, வீட்டுல யாருக்கும் தெரியல.

இறங்கினது நீஸ் ஏர்போர்ட்ல, அங்கேருந்து மார்சேய்க்கு 200 கிலோமீட்டர் வேன்ல. கைடு தம்பி காரைக்கால்காரரு, 20 வருஷமா அங்கதான் இருக்காராம். ஏறின உடனே அம்மாகிட்ட "பின்னாடி சீட்டு தூக்கிப் போடும்மா, முன்னாடி வாங்க"ன்னு எடம் மாத்திக் கொடுத்தாரு. அப்பவே எனக்கு மனசு நிம்மதியாச்சு. வழியில அம்மா போன்ல இருந்த அந்தப் போட்டோவ அவருகிட்ட காட்டினாங்க. ரெண்டு செகண்டு பாத்தாரு. "இது சேன் சார்ல் ஸ்டேஷன் படிக்கட்டும்மா, நாளைக்கு நான் நிறுத்துறேன்"னாரு. பிளான்ல அந்த ஸ்டேஷன் பேரே கெடையாது.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. காலையில பழைய துறைமுகம். மார்சேய் ஊரே கிரேக்க ஊருல இருந்து வந்த கடலோடிங்க கிமு 600 வாக்குல இந்தத் துறைய நம்பி உண்டாக்கினதாம், மஸ்ஸாலியான்னு பேரு, பிரான்ஸ்லயே ரொம்பப் பழைய நகரம். அங்க கரையில இன்னமும் காலையில மீன் மார்க்கெட் நடக்குது, பெரிசா ஒண்ணும் இல்ல, போட்டுக்காரங்க நாலஞ்சு பேரு மேசை போட்டு விக்கிறாங்க. அம்மா வேற எதுக்கும் அசையல, மீனுகிட்டயே நின்னுட்டாங்க. "இது நவரை டி"ன்னாங்க. பாத்தா நெசமாவே நவரைதான், மீசையோட, செவப்பா. மத்தி இருந்துச்சு, உயிரோட கணவாயும் கல்லு நண்டும் இருந்துச்சு. விக்கிற அம்மா கையில கத்தி வச்சுக்கிட்டு செதில் எடுக்கிற வேகம் வீராம்பட்டினத்துல பாக்கிற அதே வேகம், கடல் தண்ணி வாளிய எட்டி எடுத்து மேசைய அலசி விடுறதும் அதே மாதிரி. கரையிலயே தலைக்கு மேல பெரிய கண்ணாடி மாதிரி ஒரு கூரை போட்டிருக்காங்க, மினுமினுன்னு இருக்கிற இரும்புத் தகடு, கீழ நின்னு அண்ணாந்து பாத்தா நம்ம எல்லாரும் தலைகீழாத் தெரியிறோம். 2013ல போட்டதாம்.

அப்புறம் மலை மேல இருக்கிற மாதா கோயில், நோத்ருதாம் த லா கார்த். 1864ல அர்ச்சிச்சது, கோபுரத்து மேல 11 மீட்டருக்கு தங்கத் தகடு போட்ட மாதா, கடல்ல எங்க நின்னாலும் தெரியும். வேன் மேல வரைக்கும் போகுது, ஆனா அதுக்கப்புறமும் படி இருக்கு, முட்டி வலி இருக்கிறவங்க நிதானமா ஏறணும். உள்ள கூரையில இருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைங்க கயித்துல தொங்குது. புயல்ல தப்பிச்ச மாலுமிங்க வேண்டிக்கிட்டு செலுத்தினது. செவுரு பூரா நன்றி சொல்ற பளிங்குக் கல்லு. வேளாங்கண்ணி போனவங்களுக்கு இதப் பத்தி வெளக்கமே தேவையில்ல, காணிக்கைன்னா உலகம் பூரா ஒண்ணுதான். அக்கா அங்க ரொம்ப நேரம் கண்ணு மூடி உக்காந்திருந்தா. காத்துதான் பயங்கரம், மிஸ்த்ரால்னு வடக்குல இருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியா வர்ற காத்து, புடவைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கணும். சுடிதார்தான் சௌகரியம்.

மத்தியானம் கோஸ்கேர் குகை. இத தவற விட்டுடாதீங்க. அசல் குகை மார்சேய் பக்கத்துல கடலுக்கு அடியில இருக்கு, வாசலே தண்ணிக்கு கீழ 37 மீட்டர் ஆழத்துல. ஆன்ரி கோஸ்கேர்னு ஒரு முக்குளிக்கிறவரு 1985ல கண்டுபுடிச்சது, 1991லதான் வெளியில சொன்னாரு. உள்ள ஆதி மனுசங்க வரைஞ்ச குதிரை, காட்டெருமை, சீல், அப்புறம் இப்ப அழிஞ்சே போன பெங்குவின் மாதிரி ஒரு பறவை, செவுத்துல கைய வச்சு மேல மை ஊதின கை அச்சு. கடலுக்கு அடியில எப்படிப் போய் வரைஞ்சாங்கன்னா, அப்ப அங்க கடலே இல்ல. பனி யுகத்துல கடல் மட்டம் இப்பத்தத விட 120 மீட்டர் கிட்ட கீழ இருந்துச்சு, கரையே பல கிலோமீட்டர் தள்ளி. அப்புறம் பனி உருகி கடல் ஏறி வாசல மூடிடுச்சு. அசலுக்கு யாரும் போக முடியாது, அதனால துறைமுகத்துக்கிட்ட அதே மாதிரி ஒண்ணு செஞ்சு 2022ல தொறந்திருக்காங்க, ஆறு பேரு உக்கார்ற சின்ன வண்டியில கூட்டிட்டுப் போறாங்க, அம்மாவுக்கு நடை மிச்சம். கடல் கொண்ட ஊரு கதையக் கேட்டு வளந்த நமக்கு, அந்த இருட்டுல தண்ணிக்கு மேல ஒரு குதிரைத் தலை தெரியிறப்ப உடம்பு சிலிர்க்குது. பாண்டி பீச்சுல மண்ணு அரிச்சுப் போனதையும், கருங்கல்லு கொட்டினதையும், இப்பத் திரும்ப கொஞ்சம் மணல் வந்ததையும் பாத்தவங்களுக்கு கடல் நகரும்னு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டாம், ஆனா இவ்ளோ நகரும்னு அங்கதான் புரிஞ்சுது.

சாயங்காலம் சொன்ன மாதிரியே ஸ்டேஷன் படிக்கட்டு கிட்ட வேன நிறுத்தினாரு. அந்த எடத்துல நிறுத்தக் கூடாது, டிரைவர் சுத்தி வந்து ஏத்திக்கிறேன்னு போயிட்டாரு. மொத்தம் 104 படி, மேல ஸ்டேஷன், கீழ ஊரு. ஏற ஆரம்பிக்கிற எடத்துலயே ரெண்டு பக்கமும் ரெண்டு சிலை. ஒண்ணு ஆப்பிரிக்கக் காலனிங்க, இன்னொண்ணு ஆசியக் காலனிங்கன்னு கல்லுலயே வெட்டி வச்சிருக்கு. ஆசியாவுக்குத்தான் அந்தப் படுத்திருக்கிற பொம்பள. அம்மா போன கையில வச்சுக்கிட்டு போட்டோவையும் சிலையையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க, அப்புறம் கல்லு மேல கைய வச்சாங்க. "சூடா இருக்குடி"ன்னாங்க, அவ்ளோதான் மொதல்ல சொன்னது. கொஞ்ச நேரம் கழிச்சு "ரயில்ல வந்து மேல இறங்கி, டிரங்குப் பெட்டியத் தூக்கிட்டு இத்தன படியும் இறங்கித்தான் கப்பலுக்குப் போயிருப்பாரு, இல்ல தம்பி?"ன்னு கேட்டாங்க. "ஆமாம்மா, வியட்நாமுக்குப் போற சைகோன் கப்பல் இங்கேருந்துதான்"னாரு. பெரியப்பா திரும்பி வந்து அரியாங்குப்பத்துல ஓட்டு வீடு கட்டினவரு, எங்க எல்லாருக்கும் ஸ்கூல் பீஸ் கட்டினவரு. அதே எடத்துல அம்மாவ நிக்க வச்சு போட்டோ எடுத்தோம். பக்கத்துல இருந்த மத்தவங்க ஒருத்தரும் லேட்டாவுதுன்னு மொணகல, அவங்களுக்கும் என் நன்றி.

இந்த மாதிரி ஒரு எடத்த ஆபீஸ்ல கேட்டுத் தெரிஞ்சுக்க ஒரு கேள்வி போதும், "ஏன் இந்தக் கரைக்குப் போறீங்க?"ன்னு. யாரும் கேக்கல. பிளான்ல மொனாக்கோவுக்கு அஞ்சு மணி நேரம், ஷாப்பிங்குக்கு மூணு மணி நேரம், ஆர்ல்ங்கிற ரோமானியர் காலத்து ஊரோட மியூசியத்துக்கு 40 நிமிஷம். இதுதான் என் முக்கியமான கொறை.

திங்கக்கிழமை காசி, மார்சேய் பக்கத்துல ஒரு கடலோர ஊரு. எழுத்துல Cassisன்னு இருக்கும், ஆனா அந்த ஊர்க்காரங்க கடைசி எழுத்தச் சொல்றதில்ல, காசின்னுதான் கூப்பிடுறாங்க. அம்மாவுக்கு அதக் கேட்டதுல இருந்து அவ்ளோ சந்தோஷம், காசிக்குப் போறேன்னு வீட்டுக்கு போன் போட்டு சொல்லிட்டாங்க. அங்கேருந்து மார்சேய் வரைக்கும் இருக்கிற கரைதான் கலாங்க். வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லு மலை, அதுக்கு நடுவுல கடல் விரல் விட்ட மாதிரி நீள நீளமா உள்ள வந்திருக்கு. 2012ல இருந்து தேசியப் பூங்கா. காசியில இருந்து போட்டுல போகணும், மூணு கலாங்க் பாக்க முக்கால் மணி நேரம், எட்டு ஒம்பது பாக்கிற பெரிய சுத்தும் உண்டு. பெரியவங்களுக்கு மூணே போதும், திறந்த கடல்ல வந்தா போட்டு ஆடுது. தண்ணி கலர பத்தி நான் எழுதி பிரயோஜனம் இல்ல, ஆழமான எடத்துல கருநீலம், வெள்ளைக் கல்லு அடியில இருக்கிற எடத்துல பச்சைக் கண்ணாடி, கீழ மீன் போற நிழல் தெரியுது. பாறை வெடிப்புல மண்ணே இல்லாம பைன் மரம் நிக்குது. ஆன்வோ கலாங்க் உள்ள நுழைஞ்சப்ப போட்டுக்காரரு இன்ஜின நிறுத்திட்டாரு, கல்லு மேல தண்ணி தட்டுற சத்தம் மட்டும். எதிர்ப்பக்கம் காப் கனாய்னு செம்மண் நெறத்துல 394 மீட்டர் செங்குத்தா ஒரு மலை, ஒரே வளைகுடாவுல ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் காவி. அக்கா கால நனைச்சா, உடனே எடுத்துட்டா, நம்ம கடல் சூட்டுக்குப் பழகின காலுக்கு அது ஐஸ் தண்ணி. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, மிஸ்த்ரால் அடிச்சா போட்டு ஓடாது. எங்களுக்கு ஒரு நாள் முன்னாடி அடிச்சு ஓய்ஞ்சுடுச்சு, அதிர்ஷ்டம். வெயில் காலத்துல காட்டுத் தீ பயத்துல நடந்து போற பாதைங்கள பல நாளு மூடிடுவாங்க, அதனால நடக்கிற ஆசை இருக்கிறவங்க முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

செவ்வாய்க்கிழமை ஆர்ல். காலையில வேன் கெளம்பினப்பவே தம்பி மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு. "அக்கா, இன்னிக்கு மியூசியம் லீவு, செவ்வாய்க்கிழமை தொறக்க மாட்டாங்க, ஆபீஸ்ல பாக்காம போட்டுட்டாங்க"ன்னாரு. வருஷம் பூரா இதே தொழில் பண்றவங்க வாராந்திர லீவு கூடப் பாக்காம பிளான் போடுறது என்ன நியாயம். ஆனா அவரே ரெண்டு போன் போட்டு நாள மாத்தி, அன்னிக்கு போன் து கார்ங்கிற பழைய பாலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு, மியூசியத்த புதனுக்குத் தள்ளி, ஷாப்பிங்க மொத்தமா வெட்டிட்டாரு. ரெண்டு பேரு கோவப்பட்டாங்க. பாலத்தப் பாத்ததும் அவங்களே அடங்கிட்டாங்க.

போன் து கார் கடலோரத்துல இல்ல, உள்ள தள்ளி, ஆத்து மேல. ரோமானியர் கட்டின தண்ணிப் பாலம், மூணு அடுக்கு வளைவு, கிட்டத்தட்ட 49 மீட்டர் உசரம். உசேஸ்ங்கிற ஊரு ஊத்துல இருந்து நீம் நகரத்துக்கு 50 கிலோமீட்டர் தண்ணி கொண்டு போன வாய்க்கால்ல இது ஒரு துண்டுதான். அந்த 50 கிலோமீட்டருக்கும் சேத்து மொத்த இறக்கம் 12 மீட்டர் சொச்சம், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு சாண் அளவுதான் சாயுது, மோட்டார் இல்லாம அதுலயே தண்ணி ஓடியிருக்கு. கீழ் வளைவுங்கள்ல சாந்தே பூசல, ஆறு டன் வரைக்கும் எடை இருக்கிற கல்லு, ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து 2000 வருஷமா நிக்குது. கல்லுல அங்கங்க வெளிய துருத்திக்கிட்டு மொட்டு மாதிரி விட்டிருக்காங்க, சாரம் கட்ட. அதத் தொட்டுப் பாக்கலாம். அம்மா நிழல்ல உக்காந்துக்கிட்டு "நம்ம ஆயி குளத்துத் தண்ணி மாதிரி"ன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க, முத்திரையர்பாளையத்துல இருந்து வாய்க்கால் வெட்டி டவுனுக்குத் தண்ணி கொண்டு வந்ததுக்குத்தானே பாரதி பூங்காவுல ஆயி மண்டபம் நிக்குது. கட்டுனவன் பேரு போயிடுது, தண்ணி கொடுத்தவ பேரு நம்ம ஊர்ல நின்னுடுச்சு.

புதன்கிழமை ஆர்ல் அரங்கம். கிபி 90 வாக்குல கட்டினது, 20,000 பேரு உக்காரலாம். ரோமானியர் போனப்புறம் ஊர்மக்கள் பாதுகாப்புக்காக அதுக்குள்ளயே குடியேறி 200 வீட்டுக்கு மேல கட்டிட்டாங்களாம், சாமி கும்பிட சின்னக் கோயிலு கூட. 19ஆம் நூற்றாண்டுலதான் காலி பண்ணி எடுத்திருக்காங்க. இப்பவும் அங்க மாட்டு விளையாட்டு நடக்குது. ஸ்பெயின் மாதிரி மாட்டக் கொல்றதும் உண்டு, எனக்கு அது புடிக்கல. ஆனா பக்கத்துல இருக்கிற கமார்க் பகுதியோட வகைன்னு இன்னொண்ணு இருக்கு, அதுல கொம்புக்கு நடுவுல கட்டின ரிப்பன ஆளுங்க ஓடி வந்து எடுக்கணும், மாடு உயிரோட வீட்டுக்குப் போயிடும், ஜெயிச்ச மாட்டுக்கு ஊர்ல சிலையே வைக்கிறாங்களாம். நம்ம பசங்களக் கூட்டிட்டுப் போனா இதக் கேட்டே ஆகணும். படிங்க உயரமா, கோணமாணலா இருக்கு, அம்மாவ மொத அடுக்கோட நிறுத்திட்டோம்.

இப்ப மியூசியம். நான் அரிக்கமேட்டுக்குப் பக்கத்துல பொறந்தவ, ரோமானியர் காலத்துல கப்பல் வந்த நம்ம பழைய துறைமுகம் அது. சின்னப்புள்ளையா இருக்கிறப்ப நொண்டிப் பாண்டி ஆடுறதுக்கு சில்லு பொறுக்க ஆத்தங்கரைக்குப் போவோம். மத்த ஓட்டாஞ்சில்லு சீக்கிரம் ஒடைஞ்சுடும், அங்க கிடைக்கிற சில சில்லு மட்டும் கனமா, தடிப்பா, ஒரு பக்கம் கறுப்பா எதையோ பூசின மாதிரி இருக்கும். எறிஞ்சா கட்டத்துக்குள்ள நச்சுன்னு நிக்கும், அதுக்கு எங்களுக்குள்ள சண்டையே நடக்கும். அத ரோமானிய ஜாடி ஓடுன்னு பின்னாடி ஸ்கூல்ல சொல்லித்தான் தெரிஞ்சுது, அப்பக் கூட பெரிசா மனசுல ஏறல.

ஆர்ல் மியூசியத்துல ரோன் ஆத்துல இருந்து எடுத்த ஒரு படகு வச்சிருக்காங்க, 31 மீட்டர் நீளம், 2000 வருஷத்துக் கட்ட. 2004ல கண்டுபுடிச்சு 2011ல தூக்கினது. சுக்கான் கூட இருக்கு. அது பக்கத்துல ஆம்போராங்கிற ஜாடிங்க, நூத்துக்கணக்குல அடுக்கி வச்சிருக்கு. ரெண்டு காது, அடி கூம்பா இருக்கும், தரையில நிக்காது, கப்பல் அடியில ஒண்ணு மேல ஒண்ணு சொருகி அடுக்கத்தான் அந்த வாட்டம். ஒரு ஜாடி ஒடைஞ்சு உள்பக்கம் தெரிஞ்சுது, கறுப்பா. பிசின் காய்ச்சிப் பூசியிருக்காங்க, வைன் கசியாம இருக்க. அந்தக் கறுப்பு நான் கட்டவிரலால தேச்சுப் பாத்த அதே கறுப்பு. தடிப்பும் அதே தடிப்பு. நான் கண்ணாடிக்கு முன்னாடி அப்படியே நின்னுட்டேன்.

1945ல வீலர்ங்கிற தொல்லியல்காரரு அரிக்கமேட்டுல தோண்டினப்ப எடுத்தது இந்த மாதிரி ஜாடி ஓடுங்களும், இத்தாலி அரெஸ்ஸோ பக்கத்து செவப்பு மெருகுத் தட்டுங்களும்தான். வைன், ஆலிவ் எண்ணெய், அப்புறம் மீன உப்புல ஊற வச்சு புளிக்க வச்ச கரும்னு ஒரு சாறு, இதெல்லாம் இந்தக் கடல்ல இருந்து எகிப்து வழியா செங்கடல் இறங்கி, பருவக்காத்து புடிச்சு நம்ம ஆத்து முகத்துக்கு வந்திருக்கு. கிரேக்கக் கடலோடிங்க குறிப்புல பொதுகேன்னு வர்ற ஊரு நம்மளுதுதான்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அங்க ஒரு ஜாடிக்கு லைட்டு போட்டு, எந்த ஊரு களிமண்ணு, எந்தக் கப்பல்னு எழுதி வச்சிருக்காங்க. இங்க அரிக்கமேட்டுக்குப் போனா பாழடைஞ்ச பழைய கட்டடத்துச் செவுரும் மரமும்தான், எடுத்த பொருள பாண்டி மியூசியத்துல போய்ப் பாக்கணும். இத எழுதுறப்பவும் வயித்தெரிச்சலா இருக்கு. அங்க ரெண்டு மணி நேரம் இருந்தோம், இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்திருப்பேன். பிளான்படி 40 நிமிஷம் போயிருந்தா அந்த ஒடைஞ்ச ஜாடிய நான் பாத்திருக்கவே மாட்டேன்.

கமார்க் வியாழக்கிழமை காலையில. ரோன் ஆறு ரெண்டாப் பிரிஞ்சு கடல்ல விழுற டெல்டா. வெள்ளைக் குதிரை, கறுப்பு மாடு, பூநாரைக் கூட்டம், எய்க்மோர்த்துங்கிற ஊர்ல கோட்டைச் செவுத்துக்கு வெளியில உப்பளம். உப்புத் தண்ணி ரோஸ் கலர்ல இருக்கு, அதுல வளர்ற பாசியாலதான், அதத் தின்னுற சின்ன இறாலைத் தின்னுதான் பூநாரைக்கும் அந்த நெறம். மரக்காணம் உப்பளமும் கழுவேலியும் பாத்தவங்களுக்கு பழகின காட்சி. ஆனா யாரும் எதிர்பாக்காதது நெல்லு. ரோட்டு ரெண்டு பக்கமும் கதிர் முத்தி சாஞ்சு நிக்குது! அம்மா வேன நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு கதிர உருவி வாயில போட்டு கடிச்சுப் பாத்தாங்க. "இன்னும் பத்து நாள்ல அறுக்கலாம்"னாங்க. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல வியட்நாம்ல இருந்து கொண்டு வந்த கூலி ஆளுங்களத்தான் இங்க நெல்லு வேலைக்கு எறக்கியிருக்காங்கன்னு தம்பி சொன்னாரு, அவங்க பட்ட கஷ்டத்தையும் சொன்னாரு. செவப்பு அரிசி ஒரு கிலோ வாங்கி வந்தோம், மாப்பிள்ளை சம்பா நெறம், கஞ்சிக்கு நல்லா இருக்கு.

நீஸ், மொனாக்கோ பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. நீஸ் கடற்கரை ரோடு அழகு, நீளம், ஆனா கரையில மணல் கெடையாது, கூழாங்கல்லு, செருப்பக் கழட்டினா கால் வலிக்கும். கடலமாவுல சுடுற சொக்கான்னு ஒரு அடை இருக்கு, சூடா மெளகுத்தூள் போட்டு கொடுப்பாங்க, சைவக்காரங்களுக்கு வரம். மொனாக்கோவுல காரு பாத்தோம், கட்டடம் பாத்தோம். அதுக்கு மேல லா துர்பீங்கிற மலை ஊர்ல அகஸ்டஸ் ராஜாவுக்கு கிமு 6 வாக்குல எழுப்பின வெற்றித் தூண் இருக்கு, ஆல்ப்ஸ் மலைக் குடிகள ஜெயிச்சதுக்கு, தோத்த 45 குடிகளோட பேரும் கல்லுல. நாங்களாக் கேட்டதுனால கடைசி 40 நிமிஷம் கிடைச்சுது, மொனாக்கோ அஞ்சு மணி நேரத்துல ரெண்ட இங்க கொடுத்திருக்கலாம்.

ஹோட்டல். மார்சேய்ல கடல் பாத்த ரூம்னு சொன்னாங்க, போய்ப் பாத்தா ஊருக்கு வெளியில ஹைவே பாத்த ரூம், டவுனுக்கு 25 நிமிஷம். ரூம் சுத்தமா இருந்துச்சு, பெட்டு நல்லா இருந்துச்சு, ஆனா இல்லாதத இருக்குன்னு சொன்னது தப்பு, கேட்டதுக்கு தலைக்கு 3,000 திருப்பிக் கொடுத்தாங்க. ஆர்ல் ஹோட்டல் ரொம்ப நல்லா இருந்துச்சு, லிப்ட்டு மட்டும் இல்ல. ராத்திரிச் சாப்பாடு ஏழு நாள்ல அஞ்சு நாள் பன்னீரும் நானும், பாண்டியில இருந்து போறவங்களுக்கு ஒரு நாளாவது ரசம் சாதம் ஏற்பாடு பண்ணணும். புளிக்காய்ச்சல் எடுத்துட்டுப் போங்க. மார்சேய்ல புயாபேஸ்னு மீன் சூப்பு, குங்குமப்பூ போட்டு, மொதல்ல சூப்பு, அப்புறம் மீனத் தனியா கொண்டு வந்து வைப்பாங்க, எங்களுக்கு தலைக்கு 65 யூரோ ஆச்சு. ருசி நல்ல ருசி, அம்மா மட்டும் புளி இல்லன்னு கடைசி வரைக்கும் சொன்னாங்க.

வந்த அப்புறம் ஆபீஸ்ல போய் எல்லாத்தையும் உக்காந்து சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அடுத்த பேட்ச்சுக்கு ஷாப்பிங்க எடுத்துட்டு மியூசியத்துக்கு ரெண்டு மணி நேரம் போடுறேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேளுங்க. காரைக்கால் தம்பி எந்தத் தேதிக்கு வர்றாருன்னு கேட்டு அந்த பேட்ச்சுலயே சேருங்க. ஆர்ல் எந்தக் கெழமைன்னு பாருங்க, செவ்வாய்க்கிழமைன்னு இருந்தா அங்கயே மாத்தச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. வீட்டுல பழைய சொல்தா போட்டோ, லெட்டர், கப்பல் டிக்கெட்டு எது இருந்தாலும் போன்ல எடுத்து வச்சுக்கிட்டு ஏறின மொத நாளே அவருகிட்ட காட்டுங்க.